மூன்று நட்சத்திரம்

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பல் வைத்தியருக்கு மேலே மூன்றாம் மாடி.
செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு வகுப்பு.
வேலை அலுவலகம் அனுப்பிய எட்டுப் பேரில்
நான் ஒருத்திதான் பெண்.
ஹோட்டலில் பாதி வேலை, காலை ஐந்துக்கு.
மிச்சப் பாதிக்குத்தான் இந்தப் படிப்பு.

முதல் மாதம் இயங்குதளம்.
திருமதி ஏஷ்பாஹர் பலகையில் பெட்டிகள் கீறினார்.
"தாய்ச் செயல் செத்துப்போனால் பிள்ளைச் செயல் அநாதை.
ஒன்றாம் இலக்கம் அதைத் தத்தெடுக்கும்" என்றார்,
நாளைக்கு மழை என்று சொல்லுகிற குரலில்.
பெஸ்னிக் என்னைப் பார்த்தான்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.
உறைந்துபோன ஒரு செயலைக் கொல்லச் சொன்னபோது
தெஸ்ஃபாலெம் மட்டும் விரலை விசைக்கு மேலே வைத்துக்கொண்டு
இரண்டு தரம் கேட்டான்:
நிச்சயமாகவா?

பிறகு வலையமைப்பு.
கணினிக்குக் கிடைக்கிற முகவரியும் தவணைக்குத்தானாம்.
பாதித் தவணை போனதுமே
அது தானாகக் கேட்டுவிடும், நீட்டிக்கலாமா என்று.
எனக்கு இந்தப் புத்தி இருக்கவில்லை.
பதினொரு வருசம் எஃப் அட்டையைக்
கடைசிக் கிழமையில்தான் கொண்டு ஓடினேன்.

நேற்று வழி தேடுகிற கட்டளை.
பொதிக்கு ஆயுள் ஒன்று கொடுத்து அனுப்பு;
முதல் திசைவியிலேயே சாகும்.
செத்த இடம் தன் பெயரைச் சொல்லி அனுப்பும்.
ஆயுள் இரண்டு கொடு, அடுத்த இடம் பெயர் சொல்லும்.
இப்படிச் சாகச் சாகத்தான்
பாதை தெரியும்.

தூரத்து முகவரி ஒன்றைப் போடச் சொன்னார்.
கிளிநொச்சியில் மச்சாள் கணக்கெழுதும்
கூட்டுறவுச் சங்கத்தின் முகவரியைப் போட்டேன்.
சூரிச். பிராங்பேர்ட். மார்செய்.
கடலுக்கடியில் ஒரு நீளமான வரி.
கொழும்பு.
நூற்றெண்பத்திரண்டு மில்லிசெக்கன்.
நான் இந்தப் பக்கம் வர ஏழு மாதம்.

பதினோராம் வரியில் பெயர் இல்லை.
மூன்று நட்சத்திரம் மட்டும்.
நான் படுக்கை விரிக்கிற ஹோட்டலுக்கும்
அவ்வளவுதான் என்றேன், எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்கே அறுந்துவிட்டதா?" என்று கேட்டேன்.
இல்லை என்றார் ஏஷ்பாஹர்.
"அடுத்த வரி வந்திருக்கிறதே.
அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.
பொதியை விட்டுவிட்டது."

உக்ரைன் எல்லை. மார்ச் மாதம்.
முழங்கால்வரை ஈரமான பனி.
நாங்கள் ஒன்பது பேர், ஒரு கைக்குழந்தை.
குழந்தை இருமியது.
இருபது அடியில் ஒரு சிப்பாய்,
மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.
வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான்.
குழந்தையில் அடித்தான்.
பிறகு அணைத்தான்.
சிகரெட் பற்றவைப்பதுபோல மறுபக்கம் திரும்பி நின்றான்,
நாங்கள் ஒன்பது பேரும் கடக்குமட்டும்.

கிரொயிட்ஸ்லிங்கனில் விசாரணை.
எந்த நாடு, எந்த வாகனம், யாருக்கு எவ்வளவு காசு?
எல்லாம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் களைத்துப்போனார்.
எல்லையில் யாராவது கண்டார்களா என்றார்கள்.
ஒருவரும் காணவில்லை என்றேன்.
என் கோப்பில் இருக்கிற ஒரே பொய் அதுதான்.
இருபத்திரண்டு வருசமாக அது பொய்யாகவே இருக்கிறது.

ஒன்பதுக்கு வகுப்பு முடிந்தது.
வியாழன் பரீட்சை.
முகமூடிக் கணக்கு எனக்கு இன்னும் சரிவரவில்லை,
முதலாவதையும் கடைசியையும் கழிக்க மறந்துவிடுகிறேன்.
பெஸ்னிக் ரயிலுக்கு ஓடினான்.
என்னுடைய ரயிலுக்கு நாற்பது நிமிசம் இருந்தது.

அதே முகவரியை மறுபடி போட்டேன்.
சூரிச். பிராங்பேர்ட்.
இந்த வகுப்பறை விளக்கு
ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும்.
வழக்கமாக ஒரு கையைத் தூக்கி ஆட்டுவோம்.
பதினோராம் வரி வந்தபோது
அணைந்தது.
நான் கையைத் தூக்கவில்லை.